உளப்பாட்டுத் தன்மைப் பன்மை

வெள்ளவத்தையில், மூன்றாம் மாடியில்,
கடலோர ரயில் போகும்போதெல்லாம்
ஒலிப்பதிவை நிறுத்த வேண்டியிருக்கிறது.
மருதானைக்குப் போவது ஓய்ந்தால்
பாணந்துறைக்குப் போவது வரும்.
இடையில் கிடைக்கிற பதினொரு நிமிடத்தில்
மெலனீசியத் தீவொன்றில் சேவல் கூவுகிறது,
யாரோ கிழங்கு சுரண்டுகிறார்கள்,
லெய்சாலே தொண்டையைச் செருமிக்கொண்டு
"எழுது" என்கிறாள்.

இருநூற்றுப் பதினான்கு மணிநேரம் அவள் குரல்.
நான் எழுதி முடித்தது அறுபத்திரண்டு.

அவர்கள் பேச்சில் இடமும் வலமும் இல்லை.
கடல் பக்கம், மலைப் பக்கம், அவ்வளவுதான்.
"உன் கடல் பக்கக் கன்னத்தில் நுளம்பு" என்பாள்.
நான் திரும்பி உட்கார்ந்தால்
அதே கன்னம் மலைப் பக்கமாகிவிடும்.
கருத்தரங்கில் இதைச் சொன்னபோது
பேராசிரியர்கள் வியந்தார்கள்.
காலி வீதி ஆட்டோக்காரர் வியக்கவில்லை.
"கடல் பக்கமா தரைப் பக்கமா மிஸ்?"
நான் பிறந்ததிலிருந்து அதைத்தான் கேட்கிறார்கள்.

மச்சான் முறை விளங்க
மற்றவர்களுக்கு வரைபடம் தேவைப்பட்டது.
என்னோடு வந்த ஒல்லாந்துக்காரன்
அம்புக்குறி போட்டே இரண்டு கொப்பி முடித்தான்.
மாமன் மகனைக் கேலி செய்யலாம்,
சித்தப்பா மகனைச் செய்யக்கூடாது.
எனக்கு இறங்கிய அன்றே தெரிந்திருந்தது.
ஆனாலும் நானும் வரைந்தேன்.
வரைபடத்துக்குத்தான் காசு தந்தார்கள்.

என்னை விழுத்தியது "நாங்கள்".

நீயும் நானும், அதற்கொரு சொல்.
நானும் அவளும், நீ இல்லை, அதற்கு வேறு.
மூன்று பேரென்றால் இன்னும் இரண்டு.
எல்லோரும்.
உன்னைத் தவிர எல்லோரும்.
முதல் மழைக்காலம் முழுக்கப் பிழைவிட்டேன்.
"சாப்பிடுவோமா?" என்று கேட்டு
அவள் பானைக்கு முன்னாலேயே
அவளைப் பட்டினி போட்டேன்.
சிரித்தாள்:
"உன் ஊரில் ஆளை உள்ளே விடுகிற சொல் இல்லையா?"

இருக்கிறது. இலக்கணத்தில்
இந்தக் கவிதையின் தலைப்பளவு நீளப் பெயரோடு.
மேடையில் ஏறியவர்கள் "நாம்" என்பார்கள்.
எங்கட வீட்டில் எல்லாத்துக்கும் "நாங்கள்"தான்.
பதிவு கேட்டுக் கதவைத் தட்டிய இரவில்
அப்பா அதைச் சிங்களத்தில் சொன்னார்:
"அபி மெஹே தமய்."
நாங்கள் இங்கதான்.
அந்த "அபி"க்குள் தானும் அடக்கமோ என்று
பொலிஸ்காரர் டோர்ச் அடித்துப் பார்த்தார்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்க அடிக்குறிப்பில்
"ஈழத்துப் பேச்சுத் தமிழில் இவ்வேறுபாடு
பெரும்பாலும் மங்கியுள்ளது" என்றிருக்கிறது.
டோர்ச் பற்றி ஒன்றும் இல்லை.

இன்று பின்னேரம், கரண்ட் போன நேரம்,
கைப்பேசியில் அவள்.
புயல். கூரை. பன்றி இரண்டு செத்தது.
தேவாலய ஜெனரேட்டரில் சார்ஜ் போட்டுப் பேசுகிறாளாம்.
கடைசியில்,
வீட்டைத் திரும்பக் கட்டிவிட்டோம்.

நிறுத்தினேன். பின்னுக்கு இழுத்துக் கேட்டேன்.
ரயில் இல்லை, மின்விசிறி இல்லை, சத்தம் தெளிவு.
உன்னைத் தவிர எல்லோரும்.

பிழையே இல்லை.
நான் ஒரு கம்பு தூக்கிக் கொடுக்கவில்லை.
வேறெப்படிச் சொல்லியிருந்தாலும்
நானே சிவப்பு மையால் திருத்தியிருப்பேன்.
ஆனாலும் அந்த வீட்டில்
என் பாய் கிடந்த மூலை
கடல் பக்கமா மலைப் பக்கமா என்று
சட்டென்று ஞாபகம் வரவில்லை.

பதில் சொல்ல பட்டனை அழுத்தினேன்.
இங்கே சுகம் என்று தொடங்க வேண்டும்.
யார் சுகம்?
தனியே ஒருத்தி இருக்கிற வீட்டுக்கு
அந்த மொழியில் பன்மை கிடையாது.
வாய் திறந்தபடி இருந்தேன்.
ஒழுங்கைக்குள் பாண் ஆட்டோ திரும்பி
தன் கிணிகிணி மெட்டை முழுதாய் வாசித்துவிட்டுப் போனது.
அது மட்டும் பதிவாகிப் போய்விட்டது.

நாளைக்குக் கேட்பாள்,
அது என்ன பறவை என்று.